ஒரு மலையும் இரு நோயாளரும்

நுவரெலியா நகரம் தேயிலையால் பிறந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. தேயிலைச் செடி இலங்கை மண்ணில் தோட்டப் பயிராக வேரூன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்நகரம் தோன்றிவிட்டது. அதனைத் தோற்றுவித்தவர்கள் நோயாளர். 1819இல் ஜோன் டேவி என்னும் இராணுவ வைத்தியர், கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயர்ந்து கிடந்த அந்தக் குளிர்ந்த சமவெளியைக் கண்டார். 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், தாழ்நிலத்துக் காய்ச்சலால் நலிந்த ஆங்கிலச் சிப்பாய்கள் உடல்தேறுவதற்கென்று அங்கே ஓர் ஆரோக்கிய நிலையத்தை அமைத்தார். 1846இல் இத்தீவுக்கு வந்த சாமுவேல் பேக்கர் என்பார் கொடிய காய்ச்சலில் வீழ்ந்து, நுவரெலியாவில் சில நாட்கள் தங்கி, உடல்தேறினார். அந்த நன்றியினாலோ ஆசையினாலோ 1848இல் குடும்பத்தோடும் வேலையாட்களோடும் கால்நடைகளோடும் திரும்பிவந்து அங்கே பண்ணையொன்றை நிறுவினார்.

பேக்கருக்கு அம்மலை வழங்கிய மருந்துகள் எவை? தூய காற்று, குளிர்ந்த நீர், நல்ல உணவு, போதிய ஓய்வு. இவை தவிர வேறில்லை. பிற்காலத்தில் இயற்கை வைத்தியம் என்று பெயர்பெற்ற முறை முழுவதும் இந்நான்கினுள் அடங்கிவிடுகின்றது.

பேக்கர் உடல்தேறிய அதே பத்தாண்டில், அதே மலைகளை நோக்கி வேறொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை, சேலம் ஆகிய பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து புறப்பட்டு, பாக்கு நீரிணையைக் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுப்பாதையில் கால்நடையாக வந்தவர்கள் கோப்பித் தோட்டத் தொழிலாளர். வாந்திபேதியும் வைசூரியும் காய்ச்சலும் பசியும் அவர்களுடன் நடந்தன. வழியில் விழுந்தவர்கள் பலர் எழவில்லை. பிழைத்தவர்கள் வந்துசேர்ந்த மாத்தளையில் முத்துமாரியம்மனுக்குக் கோவில் எழுந்தது. அம்மை நோயின் தெய்வத்துக்கு வழிமுடிவில் கோவில் கட்டிய மக்கள் எதனை எண்ணி அஞ்சினர், எதனின்று தப்பியதற்காகக் கைகூப்பினர் என்பதை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

ஒரே மலை, ஒரே காற்று, ஒரே நீர். ஒரு நோயாளருக்கு அது சஞ்சீவி மலையாயிற்று. மற்றொரு நோயாளருக்கு இடுகாடாயிற்று. இயற்கை இருவருக்கும் வெவ்வேறாக இருந்ததா? இவ்வினாவை மனத்திற்கொண்டே, இயற்கை வைத்தியத்தின் நெறிகளை மலையகத்தின் வரலாற்றில் வைத்து உரைத்துப் பார்க்க விரும்புகின்றோம்.

நெறிகள் வந்த வழி

இயற்கை வைத்தியத்தின் முன்னோடிகள் அரண்மனை வைத்தியர்களல்லர். முறிந்த தன் விலாவெலும்பை ஈரத்துணிக் கட்டுகளால் ஆற்றிக்கொண்ட வின்சென்ட் பிரீஸ்நிட்ஸ் ஒரு குடியானவர் மகன். நீர்ச்சிகிச்சையைப் பரப்பிய செபஸ்தியான் நைப் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்து பாதிரியாரானவர். தொட்டிக்குளியலால் புகழெய்திய லூயி கூனே, லைப்சிக் நகரில் மரவேலைத் தொழில் செய்தவர். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வைத்தியர்கள் பாதரசத்தை ஊட்டியும் இரத்தத்தை வடித்தும் நோயாளரைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், எளிய மனிதர் எழுப்பிய எதிர்ப்புக் குரல் அது. அக்குரல் கடல்கடந்து அமெரிக்காவுக்கும் சென்றது, இந்தியாவுக்கும் வந்தது. தென்னாபிரிக்காவிலிருந்தபோதே கூனேயையும் அடொல்ப் யூஸ்டையும் கற்ற காந்தியார், மண்கட்டும் தொட்டிக்குளியலும் தம் மீதும் தம்மைச் சார்ந்தோர் மீதும் பரீட்சித்தார். மலையகத் தொழிலாளர் பலரின் தாயகமான புதுக்கோட்டையிலேயே பின்னர் லட்சுமண சர்மா இம்முறையைப் பரப்பினார்.

1989இல் அமெரிக்க இயற்கை வைத்தியர் சங்கம் இம்முறையின் கொள்கைகளை வரையறுத்தது. நோயாளரைப் பேணுவதற்கு வழிகாட்டும் நெறிகளாக இன்று எங்கும் சொல்லப்படுபவை ஆறு: உடலைக் குணப்படுத்தும் ஆற்றல் இயற்கையிடமே உள்ளது, நோயின் அறிகுறியை அடக்காது காரணத்தைத் தேடித் தீர்க்கவேண்டும், முதற்கண் தீங்கு செய்யாதிருக்கவேண்டும், உறுப்பை நோக்காது முழு மனிதனை நோக்கவேண்டும், வைத்தியன் ஆசானாக இருக்கவேண்டும், வருமுன் காத்தலே சிறந்த வைத்தியம்.

தமிழ் கற்றோருக்கு இவற்றுட் பல புதியனவல்ல. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயை ஆராய்ந்து, அதன் மூலத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியை ஆராய்ந்து, பின்னரே செயற்படுக என்று வரிசைப்படுத்தியுள்ளார். அவ்வதிகாரத்தின் இறுதியில் வைத்தியத்தின் நான்கு கூறுகளாக நோயாளன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்போரைக் குறிப்பிடுகின்றார். அந்நால்வரையும் மனத்திற்கொண்டு தோட்டத்துக்குள் நுழைவோம்.

ஐந்தாவது மனிதன்

தோட்டத்தில் நால்வரோடு ஐந்தாவது ஒருவன் நிற்கின்றான். அவன் நோயாளனின் முதலாளி.

கோப்பிக் காலத்தில் நோயுற்ற தொழிலாளியைத் தோட்டத்தினின்று வெளியேற்றிவிடுவது பல துரைமார்களின் வழக்கமாக இருந்தது. தெருவோரங்களில் அநாதைகளாய் மடிந்தோரின் தொகை பெருகியபோதுதான் அரசாங்கம் அசைந்தது. 1872இல், குடியேறிய தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கான சட்டம் இயற்றப்பட்டது. தோட்டப் பகுதிகள் வைத்திய வட்டாரங்களாக வகுக்கப்பட்டன. செலவை ஏற்பதில் தோட்டச் சொந்தக்காரர் காட்டிய தயக்கத்தால் அச்சட்டம் தளர்ந்தது. 1880இல் வேறொரு சட்டம் வந்து அரசாங்கத்தின் பொறுப்பை மிகுவித்தது. 1912இல் மீண்டும் இரு சட்டங்கள் வந்தன. நாற்பது ஆண்டுகளில் ஒரே நோக்கத்துக்காகத் திரும்பத் திரும்பச் சட்டம் செய்யவேண்டி நேர்ந்ததே முந்திய சட்டங்கள் எவ்வளவு பயன்பட்டன என்பதைக் காட்டும்.

சட்டத்தால் டிஸ்பென்சரி வந்தது, டிஸ்பென்சரும் வந்தார். ஆயின், ஒருவன் நோயாளியா அல்லனா என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் காலைப் பெரட்டில் நின்ற கங்காணியிடமும் கண்டாக்கிடமும் துரையிடமும் இருந்தது. வேலைக்குப் போகாதவனுக்குப் பேர் விழாது. பேர் விழாதவனுக்குக் கூலியில்லை. 1921 வரை ‘துண்டு’ முறையால் கங்காணியின் கடனில் கட்டுண்டிருந்த தொழிலாளிக்குக் காய்ச்சல் என்பது முதலில் ஒரு கணக்குப் பிரச்சினை, அதன்பின்னரே உடற்பிரச்சினை. ஆகவே அவன் நோயை மறைத்தான். நடக்க இயலாதபோதே வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்பட்டான். அங்கே அவன் இறந்தால், ‘ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பமாட்டான்’ என்று லயம் முழுவதும் பேசிற்று. அதனைத் தொழிலாளரின் அறியாமை என்று அதிகாரிகள் எழுதிவைத்தனர். காலங்கடந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் சாவையே மக்கள் கண்டிருந்தனர், கண்டதிலிருந்தே முடிவுகட்டினர்.

இயற்கைதான் குணப்படுத்துகின்றது என்னும் முதல் நெறியை இங்கே நிறுத்திப் பாருங்கள். இயற்கை தன் பணியைச் செய்ய நேரம் வேண்டும். நேரம் என்பது ஓய்வு. ஓய்வு என்பது கூலியிழப்பு. உடல் தன்னைத்தானே புதுக்கிக்கொள்ள உணவு வேண்டும். லயத்துக் காம்பராவிலோ, பத்தடிக்குப் பன்னிரண்டடியளவான ஓரறையில், அடுப்புப் புகைக்கும் ஈரச்சுவருக்கும் நடுவே ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்கியது. வெளியே உலகப் பயணிகள் போற்றும் மலைக்காற்று வீசிக்கொண்டிருந்தது; உள்ளே குழந்தைகள் மார்ச்சளியால் இருமிக்கொண்டிருந்தனர். சன்னலற்ற சுவருக்கு அப்பால் நிற்கும் காற்று யாரையும் குணப்படுத்துவதில்லை.

இயற்கை வைத்தியர் பெரிதும் போற்றும் மற்றொரு மருந்து உண்ணாநோன்பு. மிகையாக உண்டு நோயுற்றவனுக்கு அது மருந்தாகலாம். வள்ளுவரும் உண்டது செரித்ததறிந்து அளவோடு உண்பவனுக்கு மருந்து தேவையில்லை என்றே கூறுகின்றார். ஆனால் ரொட்டியும் சாயத்தண்ணீருமாகப் பகலைக் கழித்து, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி மலையேறும் பெண்ணுக்கு எந்த வைத்தியன் பட்டினியைச் சிபார்சு செய்வான்? அவள் பரம்பரையாகவே அந்தச் சிகிச்சையில் இருந்துவருகின்றாள்.

காரணத்தைத் தேடியவர்கள்

காரணத்தைக் கண்டு தீர்க்கவேண்டும் என்னும் இரண்டாம் நெறிக்கு மலையகம் தந்த பாடம் உலக மருத்துவ வரலாற்றிலேயே எண்ணத்தக்கது. அது கொக்கிப்புழுவின் கதை.

தோட்டத் தொழிலாளரின் வெளிறிய முகத்தையும் வீங்கிய காலையும் தளர்ந்த நடையையும் கண்ட துரைமார் அதனைச் சோம்பல் என்றனர். அது இரத்தச்சோகை. நூலிழை போன்ற புழுக்கள் சிறுகுடலின் சுவரைக் கவ்விப்பிடித்து நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சியதன் விளைவு. இப்புழுவின் முட்டை மனித மலத்தோடு வெளியேறி, நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து மீண்டும் உடலுட் புகுகின்றது என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் பணியாற்றிய ஆதர் லூஸ் கண்டறிந்தார். கண்டி, மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் செருப்பில்லாத கால்களும் மலகூடமில்லாத லயங்களும் இருந்தன. புழுவுக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறேது?

அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் 1915இல் விக்டர் ஹைசரை அனுப்பி நிலைமையை ஆராய்ந்தது. 1916இல் மாத்தளைப் பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. சோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரிடம் புழு காணப்பட்டது. தைமோல், கீனோப்போடியம் எண்ணெய் முதலிய மருந்துகள் கொடுக்கப்பட்டன. புழுக்கள் வெளியேறின, தொழிலாளர் சில காலம் தெம்படைந்தனர், நாட்கூலி வேலை கூடிற்று, துரைமார் மகிழ்ந்தனர். பின்னர் என்ன நிகழ்ந்தது? சிகிச்சை பெற்றவர்கள் அதே லயத்துக்குத் திரும்பினர். அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தனர். மீண்டும் புழுவைப் பெற்றனர்.

மலகூடம் கட்டாமல் இந்நோயை ஒழிக்க இயலாது என்று இயக்கத்தை நடத்தியவர்கள் சொன்னார்கள். மருந்துக்கு இசைந்த தோட்டச் சொந்தக்காரர் மலகூடத்துக்குப் பணம் செலவிடப் பின்வாங்கினர். மருந்து தொழிலாளியின் உடலுக்குள் செல்வது. விரைவில் இலாபமாகத் திரும்புவது. மலகூடம் தோட்டத்தின் மூலதனத்திலிருந்து எடுக்கப்படுவது. அதன் பயன் கணக்கேட்டில் தெரியாதது. இறுதியில் ரொக்பெல்லர் நிறுவனம் தன் கவனத்தைத் தோட்டங்களிலிருந்து கிராமங்களின் பக்கம் திருப்பியது. 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு இத்தீவின் பொதுச் சுகாதாரத்துக்கு முன்மாதிரியாயிற்று. தோட்டத்தில் கற்ற பாடத்தால் நாடு பயன்பெற்றது. கற்பித்த தோட்டம் பின்தங்கி நின்றது.

கூனே, எல்லா நோய்க்கும் காரணம் ஒன்றே, அது உடலில் தேங்கும் வேற்றுப்பொருள் என்றார். அறிவியல் அதனை ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. எனினும் காரணத்தைத் தேடு என்ற அவருடைய அறிவுரையை எங்கே நிறுத்துவது என்று கேட்க உரிமையுண்டு. சோகைக்குக் காரணம் புழு. புழுவுக்குக் காரணம் மலங்கலந்த மண். மண்ணுக்குக் காரணம் கட்டப்படாத மலகூடம். கட்டப்படாததற்குக் காரணம்? அந்த இடத்தில் வைத்திய நூல் முடிந்து பொருளாதார நூல் தொடங்குகின்றது. பல வைத்தியர் முதற்படியில் நிற்கின்றனர். இயற்கை வைத்தியர் இன்னும் ஓரிரு படி இறங்கி, நோயாளியின் பழக்கவழக்கத்தைக் காரணமாகக் காட்டி நின்றுவிடுகின்றனர். கடைசிப் படிவரை இறங்குவோர் சிலரே.

தீங்கு செய்யாமை

மூன்றாம் நெறி இரு பக்கமும் வெட்டும் வாள். தைமோல் மிகுந்தால் நஞ்சு. எண்ணெயோடோ சாராயத்தோடோ சேர்ந்தால் உடலில் ஏறிக் கேடு செய்யும். கீனோப்போடியம் அளவு மீறினால் உயிரையே வாங்கக்கூடியது. அத்தகைய மருந்தை உட்கொள்வதா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை கூலித் தொழிலாளிக்கு இருக்கவில்லை. நோயாளியின் சம்மதமின்றிக் கொடுக்கப்படும் மருந்து எத்துணை நல்லதாயினும், அது அவனை ஆளாக மதிக்காத தீங்கைச் செய்கின்றது.

ஆனால் இயற்கை வைத்தியர் செய்த தீங்கையும் மறைக்கலாகாது. அவர்களுட் பலர் கிருமிக் கொள்கையை ஏளனஞ்செய்தனர். அம்மைப்பாலைப் பாவம் என்றனர். காந்தியாரும் அம்மை குத்துதலை எதிர்த்தவரே. வேப்பிலை தோரணங்கட்டி, நோயாளியைத் தனித்து வைத்து, குளிர்ந்த உணவளித்து, வீட்டைத் தூய்மையாகப் பேணிய நம் தாய்மாரின் வழக்கத்தில் அறிவும் அன்பும் இருந்தன. நோயாளியின் துன்பத்தை அவ்வழக்கம் தணித்தது. வைசூரியை அது ஒழிக்கவில்லை. ஒழித்தது அம்மைப்பால். 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் வைசூரி உலகினின்று நீங்கியது என்று அறிவித்தபோது, வேப்பிலையும் வெந்நீரும் ஆயிரம் ஆண்டுகளாகச் செய்ய இயலாததை ஊசி முனை செய்துமுடித்திருந்தது. தடுப்பூசியை மறுப்பவன் இயற்கையின் பெயரால் ஏழையின் குழந்தையைப் பலியிடுகின்றான். பணக்காரனின் குழந்தைக்கு இடவசதியும் ஊட்டமும் தனியறையும் உண்டு. லயத்துக் குழந்தைக்குத் தடுப்பூசியே அரண்.

முழு மனிதன்

முழு மனிதனை நோக்குவது எப்படி என்பதை 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் காட்டிற்று. சில மாதங்களில் சுமார் 80,000 பேரை வாரிக்கொண்ட அந்நோய் கேகாலை, குருநாகல் போன்ற தாழ்நிலப் பகுதிகளில் உக்கிரமாக இருந்தது. உயர்ந்த மலைத் தோட்டங்களை நுளம்பு பெரிதும் எட்டவில்லை. அப்போது சூரியமல் இயக்கத்தின் இளைஞர், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கா முதலானோருடன் கிராமங்களுக்குச் சென்றனர். கொயினா மட்டும் போதாது என்பதை அவர்கள் கண்டனர். நோயைத் தாங்கும் வலு அம்மக்களின் உடலில் இல்லை. பல மாதப் பசி அவர்களை ஏற்கெனவே பாதி கொன்றிருந்தது. ஆகவே மார்மைட் என்னும் ஊட்டச்சத்துப் பொருளை மாத்திரைகளாக உருட்டி மருந்தோடு சேர்த்து வழங்கினர். உடலென்னும் நிலம் வளமிழந்தால் நோயின் விதை எளிதில் முளைக்கும் என்று இயற்கை வைத்தியர் சொல்வதுண்டு. அவ்விளைஞர் நிலத்தையும் பேணினர், விதையையும் ஒழித்தனர், நிலம் வளமிழந்ததற்குப் பொறுப்பாளி யார் என்று உரக்கக் கேட்கவும் செய்தனர். 1935 டிசம்பரில் உருவான லங்கா சமசமாஜக் கட்சியின் வேர்களுள் ஒன்று அந்தப் பணியில் இருந்தது.

தோட்டத்தின் முழு மனிதர் என்போரில் பெரும்பங்கினர் பெண்கள். விடியுமுன் எழுந்து நீரெடுத்து, சமைத்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, நாள் முழுவதும் அட்டைக்கடியிலும் மழையிலும் கொழுந்தெடுத்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்புகின்ற அவளுடைய முதுகுவலிக்கு எந்தத் தைலம் பூசுவது? அவ்வலியில் கூடையின் பாரம் இருக்கின்றது. மலையின் செங்குத்து இருக்கின்றது. முடிக்கவேண்டிய கிலோக் கணக்கு இருக்கின்றது. ஆண் பகிர்ந்துகொள்ளாத வீட்டுவேலையும் இருக்கின்றது. கடைசியாகச் சொன்னதற்கு எந்தத் துரையையும் குற்றஞ்சாட்ட முடியாது என்பதைத் தொழிற்சங்கத் தோழர்கள் நினைவிற்கொள்வார்களாக.

ஆசானாகிய வைத்தியன்

டொக்டர் என்னும் சொல்லின் இலத்தீன் மூலம் கற்பிப்பவன் என்று பொருள்படும். தோட்டத்தில் கற்பித்தவர் யாவர்? நெடுங்காலம், தொழிலாளியின் மொழியில் அவனுடைய நோயை விளக்கிச் சொன்ன வைத்தியர் அரியர். மருந்தைக் கொடுப்பதும் அதட்டுவதுமே வழக்கம்.

1927 நவம்பரில் காந்தியார் இலங்கைக்கு வந்து மலையகத்துக்கும் சென்றார். மதுவை விடுங்கள், தூய்மையைப் பேணுங்கள் என்று தொழிலாளரிடம் வேண்டினார். நல்ல அறிவுரைகளே. ஆனால் குழாயில்லாத லயத்தில் தூய்மை பேணுவது எப்படி? அதே ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறிற்று. சுகாதாரத்துக்கு எது பெரிய பாடம் என்று கேட்டால், கூலிச் சட்டத்தையே நாம் சுட்டுவோம். காந்தியாரை ஒதுக்கிவிடுவதும் நீதியன்று. 1946இல், ஏழைகளுக்கான இயற்கை வைத்தியத்தைப் பூனா நகரச் சிகிச்சை நிலையத்தில் நடத்த எண்ணிய அவர், ஏழை வாழ்வது கிராமத்தில் என்பதை உணர்ந்து, அத்திட்டத்தைக் கைவிட்டு உருளிக் காஞ்சன் என்னும் சிற்றூருக்குச் சென்றார். சிகிச்சை நோயாளியின் வாழ்விடத்துக்குச் செல்லவேண்டும் என்ற அந்த முடிவு, இயற்கை வைத்தியம் பெற்ற உயர்ந்த தெளிவுகளுள் ஒன்று.

மலையகத்தில் உண்மையான ஆசானாக நின்றவர் கோ. நடேசய்யர். அவர் வைத்தியரல்லர், பத்திரிகையாளர், தொழிற்சங்கவாதி. துரைமார் அவரைத் தோட்டத்துக்குள் விடவில்லை. அவரும் மீனாட்சி அம்மையாரும் எழுத்தாலும் பேச்சாலும் பாட்டாலும், கூலிக் கணக்கையும் சட்டத்தையும் உரிமையையும் தொழிலாளருக்கு விளக்கினர். தன் நோய்க்குத் தன் தலைவிதி காரணமன்று என்று ஒரு மனிதன் அறிந்துகொள்ளும் கணமே அவனுடைய சிகிச்சையின் தொடக்கம். அப்பொருளில் அவர்கள் செய்தது வைத்தியமே.

வருமுன் காத்தல்

இறுதி நெறி அரசியலோடு பிணைந்தது. 1939இல் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் இலங்கையின் சாவு வீதத்தை வியக்கத்தக்கவாறு குறைத்தன. வறிய நாடொன்று இவ்வளவு சாதித்ததே என்று உலகம் புகழ்ந்தது. அந்தப் புகழில் ஒரு கரும்புள்ளி உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். அடுத்து வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாத மக்களின் லயத்துக்கு எந்தப் பிரதிநிதி மலகூடம் கேட்பான்? அவர்களது சுகாதாரம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில், நிலமில்லாத தோட்ட மக்கள் பசியால் மடிந்தனர். ஒரு கீரைப்பாத்தி போடவும் அவர்களுக்கு உரிமையான மண் இருக்கவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

மாற்றம் நிகழவில்லை என்று சொல்வது பொய்யாகும். இன்று தோட்டத் தாய்மாருள் ஏறக்குறைய எல்லாரும் வைத்தியசாலையிலேயே பிள்ளை பெறுகின்றனர். குடும்பநல மருத்துவமாதர் லயங்களுக்கு வருகின்றனர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அங்கீகரிக்கப்பட்டது. ஆயினும், அதே 2016ஆம் ஆண்டின் மக்கட்தொகை, சுகாதார ஆய்வு ஒன்றைச் சொல்கின்றது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குச் சுமார் 17, தோட்டங்களில் நூற்றுக்குச் சுமார் 32. எம் வகுப்புகளின் முன்வரிசையில் அமரும் சிறிய உடல்கள் இந்தப் புள்ளியின் பொருளை நாள்தோறும் விளக்குகின்றன. கற்கும் திறனுக்கும் தாயின் வயிற்றில் கிடைத்த உணவுக்கும் உள்ள தொடர்பை ஆசிரியர் அறிவர்.

இயற்கைக்குத் திரும்புவோம் என்ற முழக்கத்தின் ஆபத்தையும் நாம் அண்மையில் கண்டோம். 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே ஆணையால் தடைசெய்யப்பட்டது, விளைச்சல் வீழ்ந்தது, ஆண்டு முடியுமுன் ஆணை கைவிடப்பட்டது. மண்ணின் நலம் கருதவேண்டியதே. ஆனால் மாற்று உரமும் காலமும் அறிவுரையும் தராமல் இயற்கையை ஆணையிட்டபோது, அதன் சுமையைச் சுமந்தவர்களுள் கொழுந்து குறைந்த கூடைகளோடு நின்ற பெண்களும் இருந்தனர்.

எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது

இன்று மலையகத்தின் உல்லாச விடுதிகள் பயணிகளுக்கு மூலிகைக் குளியலையும் எண்ணெய்த் தேய்ப்பையும் மலைக்காற்றையும் விலைக்குத் தருகின்றன. சன்னலைத் திறந்தால் பசுமையான சரிவில் வண்ணப் புள்ளிகளாகக் கொழுந்தெடுக்கும் பெண்கள் தெரிவர். பேக்கரின் காலத்து ஏற்பாடு வேறு வடிவில் தொடர்கின்றது.

இதற்காக இயற்கை வைத்தியத்தின் நெறிகளைத் தூக்கியெறிய வேண்டுவதில்லை. அவை மருந்து வணிகத்துக்கு எதிராக எளிய மக்கள் கண்ட நெறிகள். அவற்றுள் அறம் உண்டு. கிருமியையும் தடுப்பூசியையும் மறுக்கும் பகுதியைத் தள்ளுவோம். மெய்ப்பிக்கப்படாத சிகிச்சைகளைச் சோதனைக்கு உட்படுத்துவோம். காரணத்தைத் தேடு, தீங்கு செய்யாதே, முழு மனிதனை நோக்கு, கற்பி, வருமுன் காப்பாற்று என்பனவற்றைக் கொள்வோம். கொண்டு, அவற்றைத் தனிமனிதனின் பழக்கத்தோடு நிறுத்தாது, கூலிக்கும் குடியிருப்புக்கும் நிலவுரிமைக்கும் விரிப்போம்.

ஆசிரியர் செய்யக்கூடிய காரியங்கள் உள. கொக்கிப்புழுவின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் வரையும்போது, 1916இல் மாத்தளையில் நிகழ்ந்ததையும் சேர்த்துச் சொல்லலாம். மாணவரைத் தத்தம் லயத்தின் நீர்க்குழாய்களையும் மலகூடங்களையும் எண்ணிவரச் செய்யலாம். எத்தனை குடும்பத்துக்கு ஒன்று என்று கணக்கிடச் செய்யலாம். அந்தக் கணக்கைத் தாய் தந்தையரிடமும் சங்கத்திடமும் பிரதேச சபையிடமும் கொண்டுசெல்லலாம். அது ஒரு பாடமாகவும் இருக்கும். ஒரு விண்ணப்பமாகவும் இருக்கும். தன் வீட்டுக்கு எத்தனை அடி தூரத்தில் நல்ல நீர் இருக்கின்றது என்பதை எண்ணிலிட்டுச் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளை தன் தாயின் சோகையை விதி என்று சொல்லமாட்டாள்.